முதல் ஐந்து விழுக்காட்டில்

பேராசிரியர் கூ ஓய்வு பெற்று நான்காண்டு.
புலாவ் தீக்குஸ் சந்தைக்கு எதிரே
ஒரு கோப்பிக் கடையில், ஒன்பதுக்கு
வரச் சொல்லியிருந்தார்.
பட்டர்வொர்த்தில் ஏழரைக்கே ஃபெரி ஏறிவிட்டேன்.
பையில் மதிப்பெண் பட்டியல், சுயவிவரம்,
மூன்று பல்கலைக்கழகம், மூன்று கடைசி நாள்,
அவருக்கென ஒரு பெட்டி பிஸ்கட்.
லஞ்சமில்லை என்று
எனக்கே இருமுறை சொல்லிக்கொண்டேன்.

கண்டதும் எழுந்து நின்றார்.
“உன்னை மறப்பேனா?
பத்திர விலை வகுப்பில்
பலகையில் நான் போட்ட கணக்கில் பிழை கண்டு
என் கையிலிருந்தே மார்க்கரை வாங்கித்
திருத்தினாயே!
முப்பது வருடத்தில் ஒருத்தியைத்தான்
அப்படிப் பார்த்தேன்.”

அது நானில்லை.
அது யுகேஸ்வரி.
நான் அவளுக்குப் பின் வரிசையில்
அந்தப் பிழையை
அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த வகுப்பில் இந்தியப் பெண்கள் இரண்டே பேர்.
இருவருக்கும் நீளப் பின்னல், இருவருக்கும் கண்ணாடி.
இத்தனை வருடத்தில்
இரண்டு பேர் ஒருத்தியாகிப் போவது
அவ்வளவு பெரிய குற்றமில்லை.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன், கோப்பி வந்தது.
மறுபடி திறந்தேன்,
அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
“படிவம் எங்கே?” என்றார்.

கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினேன்.
நான் கற்பித்தவர்களில் இவர்:
முதல் ஒரு விழுக்காடு, முதல் ஐந்து, முதல் பத்து,
கீழே
யாரும் யாருக்கும் தொட்டிராத ஒரு கட்டம்.
“ஒன்றா, ஐந்தா?”
கெம்போங் மீன் எத்தனை கிலோ என்பதுபோல் கேட்டார்.
ஐந்து போதும் சார் என்றேன்.
பேரம் பேசிக் குறைத்ததில்
கொஞ்சம் நேர்மை மிஞ்சியதுபோல் இருந்தது.

என் வேலையைச் சொல்ல வேண்டும்.
வங்கியில் கடன் பிரிவு.
ஊரார் கொண்டுவரும் தாள்களை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவள் நான்.
சம்பளச் சீட்டில் ஓர் எண்ணின் எழுத்துரு மாறினாலும்
கண்ணில் குத்தும்.
போன மாதம் ஒரு லோரிக்காரரைத் திருப்பி அனுப்பினேன்,
ஜாமீன் கையெழுத்து
மைத்துனருடையது இல்லை என்பதால்.
அவர் கோபப்படவில்லை.
கோப்பை வாங்கித் தூசு தட்டிக்கொண்டு போனார்.

திரும்பும் ஃபெரியில் யுகேஸ்வரிக்கு எழுதினேன்.
நடந்ததை நடந்தபடி.
நாலு வருடமாகப் பேசியதில்லை,
முதல் வரியில் ‘பசியாறிட்டியா’ என்று போட்டு
அழித்துவிட்டு, மறுபடி போட்டேன்.

இரவு ஒன்றே காலுக்கு
விண்ணப்பத்தில் பச்சைக் குறி:
பரிந்துரை பெறப்பட்டது.
இக்கடிதத்தைப் படிக்கும் உரிமையைத்
துறந்துள்ளீர்கள்.
துறந்தது நான்தான், ஒரு கட்டத்தில் குறியிட்டு,
போன வாரம், பஸ்ஸுக்குக் காத்திருக்கையில்.
உள்ளே இருப்பவள் மார்க்கர் வைத்திருக்கிறாளா,
நோட்டு வைத்திருக்கிறாளா, தெரியாது.
‘சார், ஒரு சிறு திருத்தம்’ என்று
தொடங்கிய மின்னஞ்சல்
அதற்கு மேல் ஒரு சொல்லும் வளராமல்
வரைவில் கிடக்கிறது.

மறுநாள் மதியம் அவளிடமிருந்து குரல் வந்தது.
பிறையில் டயர் கடையில் கணக்குப் பார்க்கிறாளாம்,
பின்னால் நட்டு கழற்றும் இயந்திரம்
வாக்கியத்துக்கு வாக்கியம் கத்தியது.
“எடுத்துக்கோ லோசனி, டயருக்கு எதுக்கு அதெல்லாம்.
ஆனா நேர்காணல்ல கேட்டா என்ன சொல்லுவ?
கேளு. வட்டி ஆறு மாசத்துக்கு ஒருக்கா வருது.
அவரு வருஷத்துக்கு ஒருக்கான்னு போட்டுட்டாரு.
விகிதத்தைப் பாதியாக்கு, தவணையை ரெண்டு மடங்காக்கு.
அவ்ளோதான் லா.
அதுக்குப் போயி இத்தனை வருஷமா ஞாபகம் வச்சிருக்காரா மனுஷன்?”
கொஞ்ச நேரம் இயந்திரம் மட்டும் கேட்டது.
பிறகு, “என் பேரைச் சொன்னாரா?” என்றாள்.
அதோடு முடிந்திருந்தது.

இடைவேளை முடியப் பதினொரு நிமிடம்.
பிஸ்கட் கடை ரசீதின் பின்புறம்
அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.
இரண்டாம் முறைதான்
சரியாக வந்தது.